எட்டுக் கண்ணியையும் பாடு

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று மாதம். பதில் போடாதது என் தப்பு, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மாஸ்டர் மறுபடி ஆர்மோனியத்தில் உட்கார்ந்துவிட்டார், அதே மிரட்டலோடு.

டிசம்பர் 7, மிலான் ஆயர் புனித அம்புரோஸ் திருநாளுக்கு அவருடைய லத்தீன் பாட்டை, 'தெஉஸ் க்ரெஆதொர் ஓம்னிஉம்' ('எல்லாம் படைத்த இறைவா') என்பதை, இரண்டு கண்ணியாக வெட்டி, காலைப் பூசையில் வைத்திருக்கிறாயாமே! வெட்டாதே. அவர் அளந்து கட்டிய பாட்டு அது. அடிக்கு எட்டு அசை, கண்ணிக்கு நான்கு அடி, பாட்டுக்கு எட்டுக் கண்ணி. நம் நேர், நிரை கணக்கு இதற்கு ஆகாது. உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை. 'தெ-உஸ்-க்ரெ-ஆ-தொ-ரோம்-னி-உம்' என்று விரல்விட்டு எண்ணு: குறுக்கம், நீட்டம், நான்கு ஜோடி. தமிழாக்கத்தில் அடிக்குப் பன்னிரண்டு அசை திணித்தால் கடைசிச் சொல்லை ஓடிப் பிடிக்க வேண்டிவரும். பாடகர் குழு இழுக்கிறது என்று நீ புலம்புவது அதனால்தான். அடி முடிகிற இடத்தில் பொருளையும் முடி, மூச்சு தானே அங்கே விழும்.

அதோடு, இது மாலைப் பாட்டு. காலைக்கு அவருடைய சேவல் பாட்டு, 'ஏதெர்னே ரேரும் கோந்திதோர்' இருக்கிறது.

386-ல் மிலானில், கிறிஸ்து தந்தைக்கு நிகரான கடவுள் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கையினருக்குக் கோவிலைக் கொடு என்று அம்புரோஸைப் பேரரசி யுஸ்தினா நெருக்கினாள். ஜனம் கோவிலுக்குள்ளேயே விழித்துக் கிடந்தது, பின்னாளில் புனிதரான அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவும் அவர்களோடு. துக்கத்தில் சோர்ந்துபோகாதிருக்கக் கீழைச் சபைகளின் வழக்கப்படி பாட வைத்தார்கள். அப்படி வேரூன்றியது இந்த வழக்கம்.

387-ல் மோனிக்கா ஓஸ்தியாவில் இறந்தபின், தூங்கி எழுந்து தனியே படுக்கையில் கிடந்த அகுஸ்தினாருக்கு இந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான் அடக்கிவைத்த கண்ணீரை விட்டார்.

அகுஸ்தினார் இதைச் சொல்லும்போது எடுத்து எழுதிவைத்ததும் முதல் இரண்டு கண்ணிதானே என்பாய். சரிதான். தூக்கம் களைத்த உடலைத் தேற்றும், துயரத்தின் கட்டை அவிழ்க்கும் என்பது அந்த இரண்டிலும் இருக்கிறது. தாயை இழந்தவனுக்கு அது போதும். ஆனால் ஆறாம் கண்ணியைப் பார்: மனம் தூங்க விடாதே, பாவம் தூங்கட்டும் என்கிறார் அம்புரோஸ். அதை விட்டால் பாட்டு வெறும் தாலாட்டாகிவிடும்.

மாலைக்கு மாற்று. குழுவை இரண்டாகப் பிரி, பக்கத்துக்கு நான்கு கண்ணி வரும். என்ன சுருதி என்று உடனே எழுது, மாஸ்டர் கேட்கிறார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்