செயலாளர் ஆண்டறிக்கை, 2022–23

தலைவர் அவர்களுக்கும், டர்பன் சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தடையில்லாமல் நடந்தது. தைப்பூசக் காவடிக்கு அன்னதானம் செய்தோம். சாம்பார் போதவில்லை என்ற புகார் செயற்குழுவுக்கு வந்து சேர்ந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் புது முயற்சி, நம் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் மானிடவியல், அதாவது மனிதச் சமூகங்களின் வழக்கங்களை ஆராயும் படிப்பு, கற்பித்தவர்களைப் பற்றிய மாதப் பேச்சு. "இதற்கெல்லாம் யார் வருவார்கள்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர்தான். பாதியில் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) வேறு, புரொஜெக்டர் அணைந்துபோனது. பேச வந்த நம் ஓய்வுபெற்ற ஆசிரியை அசரவில்லை, கைபேசி வெளிச்சத்திலேயே தொடர்ந்தார்.

அன்றைய பேச்சு ஆங்கிலேய மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுனைப் பற்றியது. அவர் அந்தமானில் களஆய்வு செய்தவர். 1921இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியலின் முதல் பேராசிரியர் ஆனார். 1924இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் பொருள் என்ன தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் தாய்மாமன்! தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் தோங்கா மக்களிடையே மருமகன் மாமன் வீட்டுக்குப் போய் அவருக்கென்று சமைத்ததையே எடுத்துச் சாப்பிடலாம், கேட்பாரில்லை. அப்பாவிடம் உள்ள பயம் அத்தை வரைக்கும், அம்மாவிடம் உள்ள செல்லம் மாமன் வரைக்கும் நீள்கிறது என்பது அவர் சொன்ன விளக்கம்.

அவ்வளவுதான், இருட்டிலேயே மண்டபம் களைகட்டிவிட்டது. மாமன் மடியில் காது குத்தி, அழுது, அவர் வேட்டியை நனைத்த கதையை ஓர் ஆயா (பாட்டி) சொன்னார். சீர் குறைந்த தகராறில் பத்து வருஷம் முகம் கொடுக்காத மாமனைப் பற்றி இன்னொருவர் ஆரம்பித்தார். ஆசிரியைக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

அடுத்த மாதப் பேச்சு வினிஃப்ரெட் ஹெர்ன்லே என்ற பெண் மானிடவியலாளரைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் படித்து, 1912இல் தென் ஆப்பிரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் வாழும் நாமா மக்களிடம் ஆய்வுக்குப் போய், பின்பு ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். பின்னாளில் மானிடவியலில் பேர்பெற்ற மாக்ஸ் க்ளக்மன், ஹில்டா கூப்பர் போன்றோர் அவருடைய மாணவர்கள். கூப்பர் 1934இல் சுவாசி மக்களை ஆராயச் சுவாசிலாந்து (இன்றைய எஸ்வாத்தினி) போனார்; மன்னர் இரண்டாம் சோபுசாவின் துணை அவருக்கு இருந்தது. பிறகு நம் டர்பனுக்கே வந்து கற்பித்து, நேட்டால் இந்தியரைப் பற்றி 1960இல் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டார். பட்டங்களை வரிசையாக வாசித்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. யார் வீட்டு வாசலில் உட்கார்ந்து கற்றார் என்று பார்த்தால், அரசகுலமும் அந்தஸ்தும் சுவாசி மக்களைப் பற்றி அவர் எழுதிய நூலை ஏன் நிறைத்தன என்பது புரிகிறது.

கடைசிக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மானிடவியலாளர் ஆர்ச்சி மஃபேஜேக்கு 1968இல் கேப் டவுன் பல்கலைக்கழகம் தந்த விரிவுரையாளர் பணி, அவர் கறுப்பர் என்பதால் நிறவெறி அரசு நெருக்கியதும் திரும்பப் பெறப்பட்டது. மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். மொசாம்பிக்கின் சோப்பி மக்களிடையே ஆய்வு செய்து விட்வாட்டர்ஸ்ராண்டில் கற்பித்த டேவிட் வெப்ஸ்டர், நிறவெறியை எதிர்த்தவர்; 1989 மே 1 அன்று தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று தேநீரைக்கூடப் பலர் தொடவில்லை.

நம் உறுப்பினர் ஒருவரின் மகள் இரண்டாம் ஆண்டு மானிடவியல் படிக்கிறார். ஆயாக்களின் பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேட்டிருக்கிறார். இன்று தீர்மானத்துக்கு வைக்கிறேன். அவருக்காக ஓர் ஆயா, தன் தாயார் பாடிய ஒப்பாரி கேசட் மூன்றைக் கொடுத்திருக்கிறார். நாடா சிக்கியிருக்கிறது. ஓடும் நிலையில் கேசட் பிளேயர் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.