செயலாளர் அறிக்கை: இந்த ஆண்டும் ஆம்ப் சண்டைதான்

நம் ஒலிக்கருவி ரசிகர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செங்கோட்டை, தென்காசி உறுப்பினர்களுக்கும், புனலூரிலிருந்து மலை தாண்டி ரயிலில் வந்திருக்கும் சேட்டன்மாருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன; ஆடிச் சாரலில் கரண்ட் போய் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பலர் மைக்செட் தொழிலில் இருப்பவர்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுக்க நாம் பேசியதோ எந்த ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்) நன்றாகப் பாடும் என்பதைத்தான். '300பி' என்ற கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட பழைய பாணி செட் வைத்திருக்கும் நம் ஓய்வுபெற்ற வாத்தியார், டிரான்சிஸ்டரில் உயிர் இல்லை என்பார். ரேடியோ கடை அண்ணாச்சியோ, "அது உயிர் இல்லை சார்வாள், டிஸ்டார்ஷன்" என்பார்; பாட்டில் இல்லாத ஒலியை ஆம்ப் தானாகச் சேர்ப்பதைச் சொல்கிறார். கரண்டை வேகமாக விட்டு விட்டு இயக்கும் புது வகையான 'கிளாஸ் டி'யின் உள்ளங்கை அகல போர்டோடு வரும் இளைஞர்களை இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

பேசியே காலம் போகிறதே என்று ஐப்பசிக் கூட்டத்தில், எந்த செட் பாடுகிறது என்று தெரியாதபடி திரை கட்டிச் சோதித்தோம். சத்தம் ஒரு துளி கூடினாலே காது அதை நல்ல சவுண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, எல்லா செட்டையும் 2.83 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தோம். 8 ஓமில் அது 1 வாட். ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகக்கூடாது என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடித்தார். அது சத்த அளவில் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கும், பிடிவாதம் நியாயம்தான்.

நடந்தது இதுதான். வழக்கமான டிரான்சிஸ்டர் வகையான 'ஏபி' எது, கிளாஸ் டி எது என்று யாராலும் திரும்பத் திரும்பச் சரியாகச் சொல்ல முடியவில்லை. 'டி-யில் ட்ரெபிள் காதைக் கீறும்' என்று சத்தியம் செய்தவர்களும் இதில் அடக்கம். வால்வை மட்டும் பெரும்பாலோர் பிடித்துவிட்டார்கள். வாத்தியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

காரணத்தை அண்ணாச்சி பலகையில் எழுதிக் காட்டினார். பீட்பேக் (வெளியே போகும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாத அந்த வால்வு செட்டின் வெளியீட்டு மின்தடை சுமார் 3 ஓம். நம் ஸ்பீக்கர் பெட்டியின் தடையோ ஓர் அதிர்வெண்ணில் 6 ஓம், பேஸ் பக்கம் 30 ஓம் என்று ஏறி இறங்கும். அப்படியானால் அந்த பேஸ் மட்டும் இரண்டரை டெசிபெல்லுக்கு மேல் தூக்கிக் கேட்கும். டிரான்சிஸ்டர் ஆம்பில் இந்தத் தடை மிகக் குறைவு, ஆகவே அந்த ஏற்றமும் இல்லை. இதைச் செய்துகாட்டிய ஆளும் உண்டு. 1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர், ஸ்டீரியோபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த வால்வு ஆம்பின் ஒலியைத் தன் டிரான்சிஸ்டர் ஆம்பிலேயே கொண்டுவந்தார். அவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

டிஸ்டார்ஷன் விஷயத்தில் நான் வாத்தியார் கட்சி. அவர் செட்டு அதிகம் சேர்ப்பது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூல சுரத்தைப்போல் இரண்டு மடங்கு அதிர்வெண். அது ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம்தான், சுருதியோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது மேல் பஞ்சமம். ஐந்தாவது அந்தர காந்தாரம், தம்புராவில் தானாகக் கேட்பது. ஏழாவதிலிருந்துதான் சுருதி சேராத சங்கதி தொடங்குகிறது. பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட்) சரியாக வைக்காத டிரான்சிஸ்டர் செட்டில் சின்ன சத்தத்தில் வரும் கரகரப்பு இப்படி மேலே கிடக்கும் ஹார்மோனிக்குகளால் ஆனது. ஆக, அண்ணாச்சி சொன்ன பெயர் சரி. வாத்தியாருக்கு அது பிடிப்பதும் சரி. பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கு மீட்டர் எதற்கு? 'இதுதான் அசல்' என்று சொல்லும்போதுதான் மீட்டரைத் தேட வேண்டியிருக்கிறது.

என்ன கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. நம்மூரில் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர். அவருடைய 78 சுற்று இசைத்தட்டை வால்வில் கேட்க எனக்கும் ஆசைதான். அதே செட்டில் புனலூர்க்காரர் செண்டமேளம் போட்டபோது 8 வாட் மூச்சு முட்டி உடைந்தது. மேளத்துக்கு நூறு வாட் டிரான்சிஸ்டர் வேண்டும் என்று அவர் கேட்பதில் தவறே இல்லை. பாட்டு ஓடாதபோதும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும் 'கிளாஸ் ஏ' வகை ஆம்ப் பற்றி ஒரு வார்த்தை: வாங்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகப் போகிறது. சாரல் காலத்தில் சுகம், சித்திரையில் அந்த அறையில் உட்கார ஆள் தேட வேண்டும்.

இனி தீர்மானம். சங்கத்துக்கு லட்சக்கணக்கில் ஒரு ஆம்ப் வாங்க வேண்டும் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கூடத்து எதிரொலிக்குச் செலவிடலாம்: கனமான திரை, தரையில் ஜமுக்காளம். திரைக்குப் பின்னால் தோற்ற நம் காதுகூட அந்த எதிரொலியைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் ஸ்பீக்கரின் பேப்பர் கோன்களில் ஈரத்தால் பூஞ்சை படிகிறது. மழைக்கு முன் அலமாரி செய்தாக வேண்டும்.

அடுத்த ஆண்டு சோதனையைப் புனலூரில், அவர்கள் பெட்டிகளை வைத்து, அவர்கள் மேளத்தோடு நடத்தலாம் என்று பேச்சு இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடவும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்த்த பிறகு சாப்பாட்டுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர், செங்கோட்டை