பசுமைப் பிரிவுக்குக் கிளம்பும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நீ கேட்டது போனில் இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டேன். மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக் வேலையை விட்டு, நம் எண்ணெய்க் கம்பெனியான ஓ.என்.ஜி.சி.யின் பசுமைப் பிரிவுக்கு மாற்றல் கேட்கலாமா என்பதுதானே கேள்வி? 'எல்லாம் பச்சைப் பெயின்ட் வேலை, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்' என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தாய்.

தாராளமாகக் கேள். ஆனால் அங்கே எந்த வேலையைக் கேட்டு வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான ஓர் எண்ணம் உண்டு. அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

நம் கம்பெனி எடுக்கும் கச்சா எண்ணெய் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். நாடு ஓர் ஆண்டில் செலவழிக்கும் பெட்ரோலியப் பொருள்களோ 23 கோடி டன்னுக்கும் மேல். தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. அதனால் 'நாளைக்கே கிணறுகளை மூடு' என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. நாம் மூடினால் எரிப்பது குறையாது, இன்னும் நாலு கப்பல் கூடுதலாக வரும், அவ்வளவுதான். பஸ்ஸும் லாரியும் ரயிலும் மின்சாரத்துக்கு மாற வேண்டும், அந்த மின்சாரம் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும். அப்போதுதான் எண்ணெயின் தேவை குறையும். அந்த நாள் வரும்வரை எடுக்கிற எண்ணெயை எவ்வளவு சுத்தமாக எடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

2038-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது வெளியே விடும் கரியமில வாயுவைக் குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டிவிடுவது என்று கம்பெனி அறிவித்திருப்பது உனக்குத் தெரியும். நாட்டின் இலக்கு 2070. முப்பது ஆண்டுக்கு மேல் முந்திக்கொள்கிறோம் என்றால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவிப்பை முழுதாகப் படி. ஸ்கோப் 1, ஸ்கோப் 2 என்று இருக்கும். ரிக்கிலும் பிளாட்ஃபாரத்திலும் பிளான்ட்டிலும் நாமே வெளியே விடுவது முதலாவது. நாம் வாங்கும் மின்சாரத்துக்காக வேறு எங்கோ எரிவது இரண்டாவது. நாம் எடுத்துக் கொடுத்த எண்ணெய் லாரியிலும் பைக்கிலும் எரிந்து வரும் புகை ஸ்கோப் 3. எண்ணெய்த் தொழிலில் பெரும்பங்கு அதுதான். அது இந்த 2038 கணக்கில் வராது. இதனால் அறிவிப்பு பொய் என்று ஆகிவிடவில்லை. கைக்கு எட்டுவதை முதலில் சரிசெய்கிறேன் என்று ஒரு கம்பெனி சொன்னால் அதை வரவேற்க வேண்டும். எட்டாததையும் முடித்துவிட்டதுபோல் யாராவது மேடையில் பேசினால், அங்கே இருக்கும் நீ எழுந்து திருத்த வேண்டும். அதற்கும் உன்னைப்போல் ஆள் உள்ளே இருப்பது நல்லது.

அப்புறம் 2030-க்குள் 10 கிகாவாட் பசுமை மின்சாரம் என்ற இலக்கு. அதற்காகத்தான் 2024-இல் ஓ.என்.ஜி.சி. கிரீன் என்று தனிக் கம்பெனி தொடங்கினார்கள். அது மின் உற்பத்திக் கம்பெனியான என்.டி.பி.சி.யின் பசுமைக் கிளையோடு கூட்டு சேர்ந்து, 2025-இல் அயனா ரினியூவபிள் பவர் என்ற பசுமை மின்சாரக் கம்பெனியைச் சுமார் 19,500 கோடி ரூபாய் மதிப்பில் வாங்கியது. அயனாவிடம் இருந்தது ஓடிக்கொண்டிருப்பதும் கட்டிக்கொண்டிருப்பதுமாகச் சேர்த்து ஏறக்குறைய 4.1 கிகாவாட்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 10 கிகாவாட்டும் சோலார் என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி, மேகம், தூசி எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு 2,000 கோடி யூனிட் அளவில் கிடைக்கும். நாம் எடுக்கும் 2 கோடி டன் எண்ணெயில் இருக்கும் வெப்பத்தை யூனிட்டாக மாற்றினால் 23,000 கோடி வருகிறது. பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று முதலில் தோன்றியது. ஆனால் பெட்ரோல் இன்ஜினில் வெப்பத்தின் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகப் போகிறது, மின்சார மோட்டாரில் அந்த வீண் இல்லை. வண்டி ஓட்டும் வேலையை மட்டும் வைத்துப் பார்த்தால் கால் பங்கை ஒட்டி வந்துவிடுகிறது. அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, இனி என் எண்ணம். பணம் இருந்தால் சோலார் பார்க்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதை வாங்குவதற்கும் டெண்டர் பார்ப்பதற்கும் நல்ல கணக்குத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூமிக்கு அடியில் மூன்று நாலு கிலோமீட்டர் போய், அங்கே இருக்கும் அழுத்தத்தையும் சூட்டையும் அடக்கி, பத்திரமாக மேலே வரத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? 1956-இல் தொடங்கி, சோவியத் நிபுணர்களிடம் கற்று, 1960-இல் குஜராத்தின் அங்கலேஷ்வரில் எண்ணெய் கண்டு, 1974-இல் சாகர் சாம்ராட் என்ற கடல் ரிக்கை வைத்துக்கொண்டு மும்பை ஹை கடல் வயலில் துளை போட்டுக் கற்ற வித்தை அது. பசுமைப் பிரிவுக்குப் போகும்போது அந்த வித்தையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதே. அது தேவைப்படும் வேலையைக் கேட்டு வாங்கு.

வெளிநாட்டிலும் இதைத்தான் பார்க்கிறேன். நார்வேயின் ஈக்வினார் 2017-இல் ஸ்காட்லாந்துக் கடலில் ஹைவிண்ட் என்ற மிதக்கும் காற்றாலையை நிறுத்தியது, 30 மெகாவாட். ஆழ்கடல் எண்ணெய் மேடைகளை மிதக்கவிட்டுப் பழகியவர்களால்தான் அது ஆனது. டென்மார்க்கின் எண்ணெய் எரிவாயு கம்பெனியான டாங் எனர்ஜி அதே 2017-இல் எண்ணெய் வயல்களை விற்றுவிட்டு, ஆர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடல் காற்றாலையில் முழுமூச்சாக இறங்கியது. ஆனால் 2025-இல் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி பி.பி.யும் அதே ஈக்வினாரும் பசுமை முதலீட்டைக் குறைத்துக்கொண்டன. லாபம் குறைந்தால் மேலே இருப்பவர்கள் திசை மாற்றுவார்கள், நம் நாட்டிலும் அது நடக்காது என்று சொல்வதற்கில்லை. கையில் வித்தை இருப்பவரைத்தான் அந்த மாற்றம் சுலபமாக ஒதுக்க முடியாது.

நீ கேட்டு வாங்க வேண்டிய முதல் இடம் லடாக்கின் புகா பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து 14,000 அடிக்கு மேல். தரையிலிருந்தே வெந்நீரும் ஆவியும் கிளம்புகிற இடம். அங்கே புவிவெப்ப மின்சாரம் எடுக்க 2021-இல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது. முதல் கட்டத்தில் ஒரே ஒரு மெகாவாட்தான் திட்டம். ஒரு மெகாவாட்டா என்று நினைக்காதே. குளிர்காலத்தில் வெயில் சாய்ந்த பிறகும், காற்று அடங்கிய பிறகும் வரும் மின்சாரம் அது. டீசலை மலையேற்றிக் கொண்டுபோய் ஜெனரேட்டர் ஓட்டும் ஊர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். வேலையோ முழுக்க முழுக்க நம் வேலை: துளைக்குள் கேசிங் என்ற இரும்புக் குழாயை இறக்கு, சிமெண்ட் போடு, துளையில் ஓடும் சேற்றின் (மட்) கனத்தைப் பார்த்துக்கொண்டே இரு, கீழிருந்து சூடு மேலே பாய்ந்தால் கிணற்று வாயை அடைக்கும் பி.ஓ.பி. வால்வை மூடு. எண்ணெய்க்குப் பதில் வெந்நீர் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது கரியமில வாயுவை உள்ளே செலுத்துவது. குஜராத்தில் இந்தியன் ஆயிலின் கோயலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் கரியமில வாயுவைப் பிடித்து, நம் காந்தார் வயலில் செலுத்தலாம் என்று 2019-இல் இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த வாயு பழைய எண்ணெயோடு கலந்து, அதை இளக்கி, மேலே தள்ளும். ஒரு பகுதி பாறையிலேயே தங்கிவிடும். இதில் உனக்கு நான் சொல்ல விரும்புவது சிமெண்டைப் பற்றி. கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவே போகும் சிமெண்டில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டுப்போனாலும் வாயு அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். அதிலும் கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். சாதாரண சிமெண்டை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கிணற்றுக்குள் கருவி இறக்கி, சிமெண்ட் எங்கே பிடித்திருக்கிறது என்று பதிவு செய்யும் பாண்ட் லாகைப் படித்து 'இந்த இடத்தில் பிடிக்கவில்லை, ஸ்க்வீஸ் போட வேண்டும், அழுத்தி மறுபடி சிமெண்ட் செலுத்த வேண்டும்' என்று சொல்லும் துணிவு உள்ள ஒருத்தர் அந்த வயலில் இருக்க வேண்டும். அந்த ஒருத்தராக நீ இருக்கலாம். கூடவே ஒன்று: அந்த வாயு மேலே தள்ளிய எண்ணெயும் கடைசியில் எரியத்தான் போகிறது. உள்ளே எவ்வளவு போனது, அதனால் எவ்வளவு எண்ணெய் வந்தது என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்.

மூன்றாவது மீத்தேன் வாயுக் கசிவைத் தடுப்பது. படம் பிடித்துப் போடத்தக்க வேலை இல்லை இது. மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்கு சூடேற்றும் என்பதை நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். 2023-இல் துபாய் காலநிலை மாநாட்டில் எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன, ஓ.என்.ஜி.சி.யும் அதில் உண்டு. 2030-க்குள் மீத்தேன் கசிவைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்குவது, மிஞ்சும் வாயுவை வழக்கமாக ஃபிளேரில் கொளுத்தி எரிப்பதை நிறுத்துவது என்பவை அதில் இருக்கின்றன. இந்த வேலை ஒவ்வொரு ஃபிளாஞ்சாக (குழாய் இணைப்பாக), ஒவ்வொரு வால்வாக நடக்க வேண்டியது. இப்போது கசிவைக் காட்டும் கேமரா வந்துவிட்டது, செயற்கைக்கோள்கூடப் பார்க்கிறது. ஆனாலும் கிணற்றுத் தலையில் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று நாம் சொல்லும் வால்வுக் கூட்டத்தின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்க்கிற பழக்கத்தை விடாதே. ஊசித்துளை அளவு கசிவுக்கும் அங்கே நுரை பொங்கும். போல்ட்டை ஒரு சுற்று முறுக்கினால் நுரை நின்றுவிடும். ஒரு பைசா முதலீடு இல்லாமல் பூமிக்கு நல்லது செய்யக் கிடைக்கும் வாய்ப்பு வேறு எங்கே இருக்கிறது? தப்பிப்போகும் வாயுவைப் பிடித்தால் விற்கவும் செய்யலாம், அதனால் கணக்குப்பிள்ளைகளும் எதிர்க்க மாட்டார்கள்.

கடைசியாக நம் காவிரி டெல்டா. 1960-களில் காரைக்காலில் துளை போடத் தொடங்கி, 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கண்டு, அடியக்கமங்கலம், குத்தாலம் என்று வயல்கள் விரிந்தன. குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் மின் நிலையங்கள் இந்தப் படுகையின் வாயுவில் ஓடுகின்றன. 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டதும், அது தமிழ்நாடு முழுக்கப் பேச்சானதும் உனக்கு நினைவிருக்கும். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதற்குத் தடை, ஏற்கெனவே இருப்பவை தொடரலாம். எண்ணெய்க்காரனாகவே வாழ்ந்த நான் அந்தச் சட்டத்தைச் சரி என்றே சொல்வேன். நெல் விளையும் மண் வேறு எங்கும் போய் வாங்க முடியாதது.

அந்தச் சட்டம் நம்மிடம் ஒரு வேலையை விட்டுவைத்திருக்கிறது. வற்றிப்போன கிணறுகளை முறையாக மூட வேண்டும். அடியில் சிமெண்ட் பிளக் (அடைப்பு), நடுவில் பிளக், மேலே பிளக். அழுத்தச் சோதனை. கேசிங்கைத் தரைக்குக் கீழே வெட்டி, தொப்பி போட்டு, மேலே மண் நிரப்பி, ஜல்லியை அள்ளி, நிலத்தை நாற்று நடும் நிலைக்குக் கொண்டுவந்து உரியவரிடம் கொடுப்பது. ராஜஸ்தானில் எத்தனை கிகாவாட் வாங்கினோம் என்று சொன்னால் வரப்பில் நிற்கும் விவசாயிக்கு எதுவும் மாறாது. அவர் வயலோரத்துக் கிணறு எப்போது மூடப்படும், மூடிய பிறகு யார் வந்து பார்ப்பார்கள் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுக்கும் ஒரு குழு பசுமைப் பிரிவில் இருக்க வேண்டும் என்று நீ மனுவிலேயே எழுது. பசுமை என்ற பெயரை வைத்துக்கொண்டு பழைய கிணறுகளை 'அது வேறு டிபார்ட்மெண்ட்' என்று தள்ளிவிடக் கூடாது. இதில் நான் எவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

மனுவில் உன் சிமெண்டிங் அனுபவத்தை முதல் பக்கத்தில் போடு. கடலில் ஷிப்டு பார்த்ததை இரண்டு வரியில் முடித்துவிடாதே, எந்தெந்தக் கிணற்று வேலை, என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று விரிவாக எழுது. நேர்காணலில் சோலார் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல், தெரியாததற்குப் படித்துக்கொள்கிறேன் என்று சொல். புகா என்று பேச்சு வந்தால் தயங்காமல் சம்மதம் சொல்லிவிடு.

அம்மாவுக்கு அந்த உயரம்தான் கவலை. லே போய் இறங்கினதும் இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்து உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே போவார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் பேசும்போது அதையே சொல். அனுப்பும் முன் மனுவின் நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, கிணறு மூடும் பகுதியை மட்டும் நான் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா