உரசல் இருக்கட்டும்

திருகோணமலை,
கார்த்திகை, மழை நாள்.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூன்று நாட்களாக இங்கே மழை விடவில்லை. உப்புவெளியில் வள்ளங்களைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோட்டை மான்கள் நனைந்தபடி கடை வாசல்களில் ஒதுங்கி நிற்கின்றன. அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கு மட்டக்களப்பில் ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. வீட்டில் இப்போது நானும் மனைவியும் கிற்றாரும்தான்.

நீ கேட்டிருந்த கேள்வி இரண்டு இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. "பிறர் எழுதியதைப் பார்த்து அதைப் போலவே எழுதுகிறாயே, அது திருட்டு மாதிரித் தோன்றவில்லையா?" என்று எழுதியிருந்தாய். நீ வெண்பா எழுதுகிறவன் என்பதால் உன்னிடமிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விவரமாகவே பதில் சொல்கிறேன்.

ஓய்வூதியம் வந்த முதல் வருடம் முழுவதும் வெறும் கொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சொந்தமாக ஒரு சின்ன இசை எழுத வேண்டும் என்பதுதான் ஆசை. கையை வைத்தால் சி மேஜர், ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கோர்ட்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டுகள். மறுநாளும் அதே நான்கு. விரலுக்குப் பழக்கமான பாதை அது ஒன்றுதான். அதைவிட்டுக் கை விலகவே இல்லை. புதிதாக எதுவும் வராததற்குக் காரணம் மனதில் இசை இல்லாததல்ல, கையில் வழிகள் இல்லாததுதான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதன் பிறகுதான் பார்த்து எழுதத் தொடங்கினேன். முதலில் மௌரோ ஜூலியானி என்ற இத்தாலியக் கிற்றார் கலைஞர். 1812இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய பயிற்சி நூலில் வலக்கைக்கென்று 120 பயிற்சிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் இடக்கை பிடிப்பது சி மேஜர், ஜி ஏழாம் என்ற இரண்டே கோர்ட்டுகள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் எந்த ஒழுங்கில் தந்தியைத் தொடுகின்றன என்பது மட்டுமே மாறும். நான் அவருடைய வலக்கையை அப்படியே வைத்துக்கொண்டு இடக்கையை மட்டும் மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு வரிசை. பாதி கடன், பாதி என்னுடையது. முதன்முறையாகக் கை பழைய பாதையை விட்டு விலகியது.

அடுத்தது ஸ்பானியரான பெர்னாண்டோ சோர். பி மைனரில் அவர் எழுதிய பயிற்சி ஒன்று உண்டு, ஓப்பஸ் 35 என்ற எண்ணிட்ட தொகுப்பில் 22ஆவது. அதைக் கையால் பிரதி எடுத்தேன். பிறகு மேலே ஓடும் மெட்டை அழித்து, பாஸ் என்கிற கீழ்க்குரலையும் கோர்ட்டுகளையும் மட்டும் விட்டு, மூலத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்து அந்த எலும்புக்கூட்டின் மேல் என் மெட்டை எழுதி, மூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் மெட்டு ஒவ்வோர் அடிக்கும் தாவிக்கொண்டிருந்தது. சோரின் மெட்டோ பல இடங்களில் ஒரே சுரத்தில் நிற்கிறது, அல்லது பக்கத்துச் சுரத்துக்கு மெல்ல நகர்கிறது. கீழே கோர்ட் மாற, மேலே நிற்கிற அதே சுரத்துக்கு நிறம் மாறுகிறது. நூறு தடவை கேட்டும் என் காதுக்கு இது எட்டவில்லை, மச்சான். என்னுடையதை எழுதித் தோற்ற பிறகுதான் கண்ணில் பட்டது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இன்னொரு ஸ்பானியக் கிற்றார் மேதையான தாரேகாவின் 'லாக்ரிமா'வை உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? கண்ணீர்த்துளி என்று பொருள். அதன் தொடக்கத்தில் முதலாம் தந்தியில் மெட்டும் நான்காம் தந்தியில் பாஸும் கைகோத்தபடி ஒன்றாக மேலே ஏறும். நடுவில் இரண்டாம் தந்தி திறந்தபடி ஒலித்துக்கொண்டிருக்கும். நான் அந்தச் சட்டத்தை எடுத்துத் திருப்பினேன். அவர் ஏறினார், நான் இறங்கினேன். அவருடைய ஈ மேஜருக்குப் பதில் ஜி மேஜர், இரண்டாம் தந்திக்குப் பதில் மூன்றாம் தந்தி. இவ்வளவுதான் மாற்றம்.

முதல் அடியில் நான்காம் தந்தியின் ஐந்தாம் கட்டையும் திறந்த மூன்றாம் தந்தியும் ஒரே ஜி. இரண்டு தந்தியும் ஒரே குரலில் பேசுகின்றன. அடுத்த அடியில் பாஸ் ஒரு கட்டை இறங்கி எஃப் ஷார்ப்புக்கு வருகிறது. ஜி அப்படியே ஒலிக்கிறது. அரைச் சுர தூரத்தில் இரண்டும் உரசுகின்றன. மூன்றாம் அடியில் பாஸ் ஈக்கு இறங்க, உரசல் அடங்குகிறது. தாரேகாவின் ஏற்றத்தில் இப்படி ஓர் உரசல் இல்லை. நான் அதை நினைத்துச் செய்யவில்லை. முதலில் பிழை என்று எண்ணி அழிக்கப் போனேன். மறுபடி வாசித்துப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ பிசைந்தது. அம்மாவை எடுத்துப் போன அன்று, எல்லோரும் போன பிறகு முற்றத்தில் நீயும் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தோமே, அந்த நேரம் நினைவுக்கு வந்தது. அழிக்கவில்லை.

இரண்டாம் பகுதியில் தாரேகா மேஜரிலிருந்து அதே ஈயின் மைனருக்குப் போகிறார். நானும் அப்படியே ஜி மைனருக்குப் போனேன். எதுவும் ஒலிக்கவில்லை, திறந்த பி தந்தியும் ஈ தந்திகளும் அந்த மைனருக்குப் பகை. ஈ மைனரிலோ ஆறு தந்திகளும் திறந்தபடியே உறவாடும். அவர் ஏன் ஈயைத் தேர்ந்தார் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போலச் செய்யப் போய் முட்டிக்கொண்ட இடம்தான் சொல்லித் தந்தது. நானும் ஈ மைனருக்கே போய்ச் சேர்ந்தேன். அங்கே போனதும் தாளம் தானாக மாறி, மும்மூன்றாகப் பிரியும் ஆறாகிவிட்டது. சில நாட்கள் கழித்துத்தான் அது எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. பாலையூற்றில் பறங்கியர் கல்யாண வீட்டு வேலிக்கு வெளியே நின்று வயலினும் றபான் மேளமும் கேட்டோமே, கஃபிரிஞ்ஞா என்ற அந்த ஆட்டப் பாட்டின் நடை அது. ஐம்பது வருடங்களாக எனக்குள் கிடந்திருக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம் தமிழ் ஆசிரியர் கரும்பலகையில் ஈற்றடி ஒன்றை எழுதிப் போட்டு, மேலே மூன்று அடி நாங்கள் கட்ட வேண்டும் என்பார். வெண்பாவின் கடைசிச் சீருக்கு வாய்பாடான 'காசு', 'பிறப்பு' என்று முடியும்படி அவர் தந்த ஈற்றடிக்குப் போய்ச் சேரத்தான் நீ வழி தேடினாய். அந்த வழி உன்னுடையது இல்லையா? கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தை எடுத்துக்கொள். எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதாம் பாட்டில் அயனும் மாலும், பதினோராம் பாட்டில் தன் பெயர். அவருடைய பதிகங்களில் திரும்பத் திரும்ப வரும் அச்சு அது. ஆனால் கோணேசர் கோவில் பாறையில் பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டுக்கு மேலே நின்று, கீழே கடல் அறைவதைக் கேட்டுக்கொண்டு அந்த எட்டாம் பாட்டைச் சொல்லிப் பார். வார்த்த பாட்டாக அது காதில் விழாது. மேற்கே பாக் கூட விவால்டியின் வயலின் கான்சர்ட்டோக்களை விசைப் பலகை வாத்தியங்களுக்கு மாற்றி எழுதியவர்தான். நான் அவர்களோடு என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. பழகும் வழி அவர்களுக்கும் இதுவாக இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். எதைப் பார்த்து எழுதினேனோ அதைப் பக்கத்தின் தலையிலேயே குறித்துவிடுகிறேன்: 'சோரைப் பார்த்து', 'தாரேகாவைப் பார்த்து'. மறைத்தால்தான் அது நீ சொன்ன சொல்லுக்கு உரியதாகும்.

அடுத்த முறை வரும்போது நைலோன் தந்தி இரண்டு செட் வாங்கி வா. இந்தக் கடற்காற்றில் பாஸ் தந்திகள் சீக்கிரம் கறுத்து ஒலி மங்கிவிடுகின்றன.

இக்கடிதத்தோடு இரண்டு பக்கங்கள் வைத்திருக்கிறேன். உன் மகளிடம் கொடுத்துப் பியானோவில் வாசிக்கச் சொல். நடுவில் வரும் ஜியை அவள் பெடலை மிதித்து நீட்டிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திறந்த தந்தியின் ஒலி கிடைக்காது. இரண்டாம் அடியில் எஃப் ஷார்ப்பும் ஜியும் மோதுவதைப் பார்த்துவிட்டு, மாமா பிழையாக எழுதிவிட்டார் என்று அவள் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து மேசைக்காரன்