கரையான்: எல்லா வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். முந்தாநாள் மழைக்குப் பிறகு மாடிப்படி விளக்கைச் சுற்றி ஈசல் பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். காலையில் படியில் கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கவில்லை. பறக்கும் எறும்பாக இருந்தால் இடுப்பு ஒடுங்கி, முன் இறக்கை நீண்டிருக்கும்.

அப்புறம் எங்கள் வீட்டுக் கதவு நிலையைத் தட்டினேன், பொத்தென்று சத்தம். பக்கத்தில் பென்சில் பருமனுக்கு மண்கோடு ஒன்று ஏறியிருந்தது. சுரண்டிவிட்டேன். இன்று காலை அதே இடத்தில் ஈரமண் பூசி மறுபடி கட்டியிருக்கிறது. ஆக, உள்ளே உயிரோடு இருக்கிறது.

மண் இல்லாமல், குண்டூசித் துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினால் அது மரவண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

தயவுசெய்து மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கண்ணில் படுவது சாகும், புற்று மண்ணுக்கடியில் அப்படியே இருக்கும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, மருந்து இறக்கி அடைக்க வேண்டும். ஒரு வீடு மட்டும் செய்தால் அடுத்த வீட்டு வழியாக ஏறிவிடும், அதனால் தரைத்தளம் முழுக்கச் சேர்ந்து செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டிலடி, புத்தக அலமாரி, மீட்டர் பெட்டி எல்லாம் பார்த்து, வீட்டு எண்ணோடு போட்டோ போடுங்கள். சுவரோரம் அடுக்கிய அட்டைப்பெட்டிகளை இன்றே நகர்த்துங்கள். கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ள வீட்டினர் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், உங்களுக்கு வசதியான நாளில் மருந்து வைக்கலாம்.