நட்சத்திரத்தைப் படமெடுக்க டார்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனி வந்தால் போதும், பால்வீதியைப் படமெடுக்க ஜவ்வாது மலைக்கு வண்டி வண்டியாக ஆட்கள் ஏறுகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான், நானும் அதற்காகவே ஏறுகிறவன். ஆனால் வருகிறவர்களில் பலர் கையோடு வெளிச்சத்தையும் கொண்டுவருகிறார்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஹெட்லைட்டை எரியவிட்டபடியே காரை ரோட்டோரம் நிறுத்தி கேமரா ஸ்டாண்டை மாட்டுகிறார்கள், முன்னால் இருக்கும் பாறையும் மரமும் படத்தில் தெரிய வேண்டும் என்று வெள்ளை டார்ச்சை அடிக்கிறார்கள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரு டார்ச் முகத்தில் பட்டால் அத்தனையும் போச்சு, பக்கத்தில் நட்சத்திர வெளிச்சம் சேரட்டும் என்று கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பவரின் படமும் போச்சு. இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. இங்கே வானாய்வகம் அமைந்ததற்கு இந்த இருட்டு ஒரு முக்கியக் காரணம், அதை ஒரு ரீல்ஸுக்காக நாம் கெடுக்கலாமா?

டார்ச் இல்லாமல் நிலத்தை எப்படி எடுப்பது என்று கேட்பார்கள். வழி இருக்கிறது. இந்த மாதங்களில் பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதி விடியற்காலையில்தான் நன்றாக மேலே வரும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து, 4 மணி வாக்கில் வானத்தை எடுங்கள்: 14 எம்எம் மாதிரி அகல லென்ஸ் என்றால் எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ 3200 (கேமராவின் ஒளியுணர்வு), ஷட்டர் 20 விநாடி, இதில் தொடங்கி முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம். லென்ஸில் வெகுதூரத்துக்கென்று இருக்கும் முடிவிலிக் குறியை (∞) நம்பாமல், பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம் ஸ்டாண்டை அசைக்காமல் காத்திருந்து, ஐந்தரை மணிக்கு மேல் வருகிற நீல வெளிச்சத்தில் நிலத்தை எடுத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்த பாறையைவிட இது ஆயிரம் மடங்கு அழகாக இருக்கும், சத்தியமாக. அவ்வளவு நேரம் உட்கார முடியாதவர்கள் ஐஎஸ்ஓவைக் குறைத்து, நிலத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். பையில் துழாவுவதற்கும் நடப்பதற்கும் மங்கலான சிவப்பு விளக்கு போதும், அதையும் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.

இடத்தைப் பகலிலேயே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பள்ளம் எங்கே, கிணறு எங்கே, யார் நிலம் என்பதெல்லாம் ராத்திரி தெரியாது. மலை ஊர்களில் பகலில் ஒரு வார்த்தை கேட்டு வைத்தால் மனிதர்கள் தாராளமாகவே இருக்கிறார்கள், கேட்காமல் நடுராத்திரியில் அவர்கள் வீட்டு ஓரத்தில் நாலைந்து பேர் நின்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது, ட்ரோனும் அப்படித்தான். குளிருக்கு என்று நெருப்பு மூட்டுவதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மாசி பங்குனியில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறது, 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

ஆனைமலைப் பக்கம் பருவமழைக்கு முன்னால் மின்மினிகள் கூட்டமாகச் சேர்ந்து மின்னும், அந்தப் படங்கள் இப்போது ரொம்பப் பிரபலம். மின்மினி மின்னுவது ஜோடியை அழைக்க. நம் வெளிச்சம் நடுவே விழுந்தால் ஆணின் சைகை பெண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், முட்டையிட வேண்டிய பருவமே வீணாகும். அதனால் அங்கேயெல்லாம் புலிகள் காப்பகத்தின் விதிப்படி, வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும் நிற்க வேண்டும், செல்போன் திரைகூட எரியக்கூடாது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் அனுப்பும் இரவுப் படங்களை வெளியிடும்போது 'ஜவ்வாது மலை' என்று போட்டாலே போதும், எந்த வளைவு, எந்தப் பாறை என்று எழுத வேண்டாம், அடுத்த சனிக்கிழமையே கூட்டம் கூடிவிடுகிறது. இரண்டு மூன்று படங்களை இணைத்தது என்றால் அதையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் சொல்லுங்கள். அது தெரியாததால்தான், புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் ஒரே கிளிக்கில் வானமும் நிலமும் பளிச்சென்று வர வேண்டும் என்று நினைத்து டார்ச்சைக் கையில் எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பத்தூர்.