வயிற்றுக்கு எதற்கு ஹெட்போன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கருவிலேயே மேதை’, ‘கர்ப்பகால இசைப் பயிற்சி’ என்று கட்டண வகுப்புகளும், வயிற்றில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் பட்டைகளும் விளம்பரங்களில் மலிந்துவிட்டன. மாதாந்தரச் சோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் இவற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் பிள்ளைக்கு ஏதோ குறைவைத்துவிட்டதாகக் கலங்குகிறார்கள். தாய்சேய் நலப் பணியில் இருக்கும் நாங்கள் இதுபற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயிற்றுக் குழந்தை 24, 25 வாரங்களில் சத்தத்துக்கு அசையத் தொடங்கி, 28 வாரத்துக்குள் ஓரளவு சீராகவே செவிகொடுக்கிறது. ஆனால் நமக்குக் கேட்பதுபோல் அதற்குக் கேட்பதில்லை. தாயின் இதயத் துடிப்பு, ரத்த ஓட்டம், குடல் இரைச்சல் எல்லாம் எந்நேரமும் உள்ளே ஒலித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தம் வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் தாண்டும்போது கீச்சென்ற ஓசைகள் மழுங்கி, தாழ்ந்த ஓசைகளே அதிகம் போய்ச்சேரும். பக்கத்து வீட்டுப் பேச்சு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்பதுபோல, சொல் பிடிபடாது. ஏற்ற இறக்கமும் தாளமும் பிடிபடும். தாயின் குரலுக்கு மட்டும் இரண்டு வழி: காற்று வழியாகவும் போகும், அவள் உடம்பின் எலும்பு, தசை வழியாகவும் போகும். எந்தக் கருவியையும்விட அவள் குரலே உள்ளே தெளிவாகச் சேரும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1980இல் நடந்த ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பானைச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. 1986இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்கள் தினம் இரண்டு முறை ஒரே கதைப் பகுதியைத் தாய்மார்களை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பிறந்த குழந்தைகள் அந்தப் பகுதியையே நாடின, அதை வேறொரு பெண் படித்தபோதும்கூட. இதிலிருந்து தெரிவது, குழந்தைக்குப் பழக்கமான குரலும் தாளமும் நினைவில் நிற்கின்றன என்பது. அறிவு கூடும் என்று அந்த ஆய்வுகள் எங்கும் சொல்லவில்லை. மோசார்ட் இசை அறிவை வளர்க்கும் என்ற பேச்சு 1993இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதில் சோதிக்கப்பட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். அவர்களுக்குக் கிடைத்த பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. கருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அபிமன்யு கதையையும் இந்த வகுப்புகளில் தவறாமல் எடுத்துவிடுகிறார்கள். பாதிக் கதையில் சுபத்திரை தூங்கிப்போனதுதான் வினை என்பார்கள். எங்களைக் கேட்டால், எட்டாம் மாதத்தில் ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் தூங்கவிடுவதே நல்லது.

ஸ்பீக்கரை வயிற்றில் ஒட்டி வைப்பதில் தீங்கும் உண்டு. சத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. குழந்தைக்குத் தூங்கி விழிக்கும் சுழற்சி உண்டு. ஓயாத பாட்டு அதைக் கலைக்கும். நூற்பாலையிலோ விசைத்தறிக் கூடத்திலோ வேலை செய்யும் கர்ப்பிணிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: காதில் பஞ்சோ அடைப்பானோ வைத்தால் அது தாயின் காதைத்தான் காக்கும், பிள்ளையின் காதை அல்ல. கேட்டு வாங்கியாவது இரைச்சல் குறைந்த பகுதிக்கு மாறிக்கொள்வது நல்லது. திருவிழாவில் அடுக்கி வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நிற்பதும் வேண்டாம்.

பிறகு என்னதான் செய்வது? ஏழாம் மாதத்திலிருந்து தினம் ஐந்து, பத்து நிமிடம் சாதாரணக் குரலில் பேசினால் போதும். நேரம் ஒன்றாக இருக்கட்டும், பாட்டும் ஒன்றாக இருக்கட்டும். தாலாட்டோ, தேவாரமோ, சினிமாப் பாட்டோ, எதுவானாலும் சரி. தினமும் மாற்றினால் குழந்தைக்குப் பழகாது. பிறந்த பிறகு அழும்போது அதே பாட்டைப் பாடிப் பாருங்கள். பேசக் கூச்சமாக இருந்தால், சமைக்கும்போது மற்றவர்களோடு பேசும் பேச்சே போதும். அதுவும் உள்ளே போகத்தான் செய்கிறது. உணவும் ஒரு வழி. கடைசி மூன்று மாதத்தில், தொடர்ந்து மூன்று வாரம், வாரத்தில் நான்கு நாள் 300 மில்லி கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழை அவ்வளவாக முகம் சுளிக்காமல் சாப்பிட்டதாக 2001இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய் சாப்பிடும் பூண்டும் சோம்பும் பனிக்குட நீரில் மணக்கும். நம் வீட்டுச் சாப்பாடு பிள்ளைக்கு அறிமுகமாவது அங்கேதான்.

இவற்றைவிட முக்கியமாக நாங்கள் கருதுவது துடிப்பை, அதாவது வயிற்றில் பிள்ளை அசைவதைக் கவனிப்பது. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதல் என்று எதைச் சொன்னாலும், அதில் உயிர் காக்கும் பகுதி இதுதான். தலைச்சன் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்தில் துடிப்பு தெரியும். அடுத்தடுத்த கர்ப்பங்களில் இன்னும் முன்பே தெரியும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் தாமதமாகும். ஸ்கேன் அறிக்கையில் ‘ஆன்டீரியர் பிளசென்டா’ என்று இருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் 24 வாரமாகியும் எதுவும் தெரியவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

28 வாரத்திலிருந்து எண்ணுங்கள். சாப்பிட்ட பிறகு, முடிந்தால் தினம் ஒரே நேரத்தில், இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.யும் போனும் வேண்டாம். பக்கத்தில் பத்துப் புளியங்கொட்டையும் இரண்டு கிண்ணமும் இருக்கட்டும். உதை, உருளல், புரளல், குத்து எதுவானாலும் ஒன்றுக்கு ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்தில் போடுங்கள். சீராக டுக் டுக்கென்று வருவது விக்கல்; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பத்தும் மாறிவிட்டால் எழுந்து வேலையைப் பார்க்கலாம். குழந்தை ஒரு தடவைக்கு 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும், ஆகவே முதல் அரை மணி அசையாவிட்டால் பதற வேண்டியதில்லை. இரண்டு மணி நேரமாகியும் பத்து வரவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பத்து வந்தாலும்கூட, வழக்கமாகத் துள்ளும் பிள்ளை இன்று சோர்ந்திருப்பதாகத் தாய்க்குப் பட்டால் அதுவும் கிளம்பப் போதுமான காரணமே. எண்ணிக்கை ஒரு கைத்தடிதான். தன் பிள்ளையின் வழக்கம் தாய்க்கே தெரியும்.

இங்கே தவறு நடப்பது மூன்று இடங்களில். ‘மாசம் நெருங்க நெருங்கத் துடிப்பு குறையும்’ என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது முதல் தவறு. இடம் குறைவதால் உதை உருளலாக மாறும். துடிப்பு குறையக் கூடாது. குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ கொடுத்து ஓர் அசைவு தெரிந்ததும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவது இரண்டாவது. மூன்றாவது, இணையத்தில் விற்கும் இதயத் துடிப்புக் கருவி. குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும். பழகாத கை தாயின் நாடியையோ நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தையோ பிடித்துவிட்டு அதைப் பிள்ளையின் இதயத் துடிப்பென்று நம்பிவிடும். பிள்ளையின் இதயத் துடிப்பே கேட்டாலும், கேட்கும் அந்த நொடியில் உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தகப்பன்மாருக்கும் ஒன்று. 1984இல் வந்த ஓர் ஆய்வில், பிறந்த குழந்தைகள் தந்தையின் குரலுக்குத் தனி விருப்பம் காட்டவில்லை. அதற்காக மனம் வாட வேண்டாம், பிறந்த பின் பழகிக்கொள்ள எவ்வளவோ காலம் இருக்கிறது. வயிற்றோடு பேசுவதைவிட, சாப்பாட்டுக்குப் பின் பாத்திரத்தைக் கழுவி வைத்து மனைவிக்குத் துடிப்பு எண்ணும் நேரத்தை ஒழித்துக் கொடுப்பதே பெரிய உதவி.

எல்லாப் பெண்களுக்கும் பாசம் ஸ்கேனைப் பார்த்ததுமே பொங்கிவிடுவதில்லை. கடும் மசக்கை, ரத்தசோகை, எதிர்பாராத கர்ப்பம், ‘இதாவது ஆணா’ என்ற வீட்டார் பேச்சு, இவற்றில் எது இருந்தாலும் மனம் ஒட்டத் தாமதமாகும். முன்பு ஒரு கருவை இழந்தவர்கள் பேறுகாலம் முடியும்வரை பேர் யோசிக்கவும் துணி வாங்கவும் மறுப்பதுண்டு. அது பயம், பாசமின்மை அல்ல, வற்புறுத்தாதீர்கள். ‘அழாதே, பிள்ளைக்கு ஆகாது’ என்று அதட்டுவதும் வேண்டாம். நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோனான தாயின் கார்ட்டிசோலில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்கிறது. ஒரு நாள் அழுகையால் பிள்ளைக்குக் கெடுதல் வராது. மாதக்கணக்கில் நீளும் கடும் மன உளைச்சல்தான் குறைப்பிரசவத்தோடும் எடைக் குறைவோடும் தொடர்புடையது. அதற்கு அதட்டல் மருந்தாகாது.

இந்த மன உளைச்சலைக் கண்டுபிடிக்க ‘எடின்பரோ’ வினாத்தாள் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றி பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பதின்மூன்றோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அன்றே கவனிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். மாமியாரும் கணவரும் வெளியே இருக்கும்போது நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பதிலும் ‘நல்லா இருக்கேன்’ என்றே வரும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

அரசிடம் நாங்கள் கேட்பது செலவில்லாதது. மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனை முகாமிலும், சமுதாய வளைகாப்பு விழாக்களிலும் எண்ணும் முறையைப் பத்து நிமிடம் செய்து காட்டலாம். சோதனைக்கு வருகிறவரிடம் ‘துடிப்பு இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். ‘நேத்து எப்ப ரொம்பத் துடிச்சுது?’ என்று கேட்டால்தான், கவனித்தாரா இல்லையா என்பது தெரியும். பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கருவில் அறிவு வளர்க்கும் விளம்பரங்களை ஏற்கும் முன், அதற்கு ஆதாரம் என்ன என்று விளம்பரதாரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
தாய்சேய் நலப் பணியிலுள்ள செவிலியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.